சிறு குழந்தைகளின் உபாத்தியாயினி: வேலையும் யோக்கியதாம்சங்களும்

கூட்டுறவுச் சங்கத்திற்கு ஒரு குமாஸ்தாவை நியமிக்க நேர்ந்தால் அங்கத்தினர்கள் எத்தனையோ கேள்விகள் கேட்கிறார்கள். கணக்கு எழுதத் தெரியுமா, கையெழுத்து தெளிவானதா, பெட்டிச் சாவியை நம்பிக் கொடுக்கலாமா என்று பலவாறு விசாரித்த பின்னரே சம்மதிக்கிறார்கள். உரக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் ஆளைக்கூட நன்கு அறிந்தே அமர்த்துகிறார்கள். ஆனால் அதே அங்கத்தினர்கள் தங்கள் மூன்று வயதுக் குழந்தையைத் தினந்தோறும் பல மணி நேரம் ஓர் அம்மையாரிடம் ஒப்புவிக்கும்போது, அவர் என்ன படித்தவர், எத்தகைய பயிற்சி பெற்றவர், குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று விசாரிப்பது மிகவும் அபூர்வம். "பிள்ளை அழாமல் இருந்தால் போதும், வேளைக்குச் சாதம் கிடைத்தால் போதும்" என்று திருப்தி அடைந்து விடுகிறார்கள்.

இந்த அலட்சியத்தினால் இரண்டு நஷ்டங்கள் உண்டாகின்றன. குழந்தையின் திரும்பி வராத வயது வீணாவது ஒன்று. இவ்வேலைக்குச் செல்ல விரும்பும் கிராமத்துப் பெண்கள் எதைப் படிப்பதென்று அறியாமல் பணத்தை இழப்பது மற்றொன்று. ஆகையால், சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வேலை யாது, அதற்கு வேண்டிய யோக்கியதாம்சங்கள் எவை, இதில் சங்க அங்கத்தினர்களின் பொறுப்பு என்ன என்னும் மூன்று விஷயங்கள் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

1. மூன்று முதல் ஆறு வயது வரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது எல்லோரும் சொல்லும் பழமொழி. அதைச் சொல்லுகிறவர்களிற் பலர், குழந்தையை அடித்தும் அதட்டியும் வளைக்க வேண்டுமென்று பொருள் கொள்ளுகிறார்கள். அவரைக் கொடியை வளைக்கும் குடியானவன் அதை அடிப்பதில்லை. பந்தற்காலின் பக்கம் மெல்லத் திருப்பி விடுகிறான். கொடி தானே பற்றிக்கொண்டு ஏறுகிறது. பழமொழியின் கருத்தும் அதுவே.

ஆறு வயதிற்குள் குழந்தையின் மூளை, பெரியவர்களுடைய மூளையின் பருமனில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை அடைந்துவிடுகிறதென்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. பேச்சு, பிறரோடு ஒத்துப் பழகுதல், கோபத்தை அடக்குதல், ஒரு காரியத்தில் மனத்தை நிறுத்துதல் ஆகிய எல்லாவற்றிற்கும் அஸ்திவாரம் போடப்படுவது இவ்வயதிலேதான். இப்பருவத்தில் வேளா வேளைக்கு நல்ல உணவும், அன்பான பேச்சும், கை கால்களுக்குத் தக்க வேலையும் கிடைக்கப் பெற்ற குழந்தை பள்ளியில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கிறது. இவை கிடைக்கப் பெறாத குழந்தை முதல் வகுப்பிலேயே பின்தங்கத் தொடங்கிவிடுகிறது.

எனினும் அவசரமும் கூடாது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை யாவும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு வந்து, கடைசி எலும்பு இறுகத் தொடங்குவது எட்டு வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான். விரல்களின் நயமான அசைவும் அவ்வாறே படிப்படியாகத்தான் வருகிறது. இதை அறியாத பெற்றோர், மூன்று வயதுக் குழந்தை பென்சிலைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதவில்லையென்று குறை கூறுகிறார்கள். களிமண் பிசைதல், மணி கோத்தல், கோலப்பொடியில் விரலால் கோடிழுத்தல் ஆகியவை அவ்விரல்களை எழுத்திற்குத் தயார் செய்யும் அப்பியாசங்களாம். வயலை உழுது பதப்படுத்தாமல் விதைப்பவர் யாருமில்லை.

இவ்வயதில் செய்யும் முயற்சி எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதற்கு ஒரு பரீட்சை உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் மாகாணத்திலுள்ள இப்ஸிலாண்டி என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு முதல் 1967ஆம் ஆண்டு வரை 123 ஏழைக் குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். 58 குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல பாலர் பள்ளி கிடைத்தது. 65 குழந்தைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் நாற்பது வயது அடையும் வரை தொடர்ந்து விசாரித்து வந்தார்கள். பாலர் பள்ளிக்குச் சென்றவர்களில் நூற்றுக்கு 77 பேர் உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். செல்லாதவர்களில் 60 பேரே முடித்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ போலீஸாரால் கைது செய்யப்பட்டவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 36 பேர். இரண்டாம் பிரிவில் 55 பேர். எண்ணிக்கையில் இது சிறிய பரீட்சையே. ஆயினும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது யாதெனில், அங்கே கற்பித்தவர்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். ஒருவர் பொறுப்பில் சுமார் ஆறு குழந்தைகளே இருந்தார்கள். வாரந்தோறும் அவர்கள் குழந்தையின் வீட்டிற்குச் சென்று தாயாருடன் இருந்து பழகினார்கள். குழந்தைகளை ஓர் அறையில் கூட்டி வைத்ததனால் மட்டும் அப்பலன் கிட்டிவிடவில்லை.

2. முற்றத்திற் பிறந்த பள்ளி

நமது நாட்டில் இவ்வேலை கிராமத்திற்கு வந்த வரலாறு அறியத் தக்கது. தாராபாய் மோதக் என்னும் அம்மையார் (1892-1973) 1945ஆம் ஆண்டில் அப்போதைய பம்பாய் மாகாணத்தின் தாணா ஜில்லாவிலுள்ள போர்டி கிராமத்தில் குழந்தைக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். ஏழைக் குடிகளின் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. குழந்தைகள் வராவிட்டால் பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று தாராபாய் தீர்மானித்தார். அவர்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே, அங்குக் கிடைக்கும் கல், இலை, விதை, மண் ஆகியவற்றைக் கொண்டே கற்பிக்கலானார். வீட்டு முற்றத்திற்கு "அங்கண்" என்று பெயர். அங்கணத்தில் நடந்த பள்ளி அங்கன்வாடி ஆயிற்று.

பின்னர் 1975ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் தேதி மத்திய சர்க்கார் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியபோது, இப்பெயரையே அதன் நிலையங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் தேதி சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கப்பட்டு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பாலர்களுக்கும் மத்தியான உணவு கிடைத்தது. இம்மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 நிலையங்களில் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

இவ்வளவு நிலையங்கள் இருந்தும், கிராமத்தார் வாயில் அவற்றிற்கு வழங்கும் பெயர் "சோத்துப் பள்ளிக்கூடம்" என்பதாக இருந்தால், உணவு மட்டும் கண்ணிற் பட்டு, போதனை கண்ணிற் படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

3. உபாத்தியாயினி செய்யும் வேலை

அங்கன்வாடி அம்மையாரின் பொறுப்பில் ஆறுவித சேவைகள் அடங்கியிருக்கின்றன. அவையாவன: இணை உணவு, பள்ளிக்கு முந்திய கல்வி, தாய்மார்களுக்கு உணவும் ஆரோக்கியமும் பற்றிய போதனை, தடுப்பூசி, தேகப் பரிசோதனை, வியாதியுற்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல். இவற்றிற் கல்வி ஒரு பங்கே. நிறை பார்த்துப் பதிவு செய்தல், பண்டங்களின் இருப்புக் கணக்கு, கர்ப்பிணிகளின் விவரம், கைப்பேசியில் தினசரித் தகவல் ஏற்றுதல் என்று மற்ற வேலைகள் பெருகுந்தோறும், குழந்தைகளோடு உட்காரும் நேரம் குறைந்துபோகும் அபாயம் உண்டு.

அந்நேரத்தில் நிகழ வேண்டியது என்ன? ஒரு காலை வேளையை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து, வரும் வழியில் கண்டதைச் சொல்லுகிறார்கள். ஒருவன் கன்று ஈன்ற பசுவைக் கண்டிருப்பான். ஒருத்தி வாய்க்காலில் தண்ணீர் வந்ததைக் கண்டிருப்பாள். "கன்று என்ன செய்தது? எழுந்து நிற்க முடிந்ததா?" என்று அம்மையார் மேலும் கேட்கக் கேட்க, இரண்டு சொல்லில் நின்ற பேச்சு நாலைந்து வாக்கியமாக வளர்கிறது. பிறகு பாட்டும் ஆட்டமும். பிறகு சிறு கூட்டங்களாகப் பிரிந்து கை வேலை. சிலர் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகுகிறார்கள். சிலர் புளியங்கொட்டையையும் ஆமணக்கு விதையையும் கலந்து வைத்ததைப் பிரிக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டே. குழந்தைக்கோ அளவு, வகை, ஒழுங்கு ஆகியவை இவ்வழியாகவே மனத்திற் பதிகின்றன.

அங்கத்தினர்கள் தங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் நாலு வயதுக் குழந்தையின் முன் ஒரு பிடி புளியங்கொட்டையை வைத்து, "ஏழு எடுத்துக் கொடு" என்று கேட்டால், பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளித் தந்துவிடும். ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. ஒரு விதையைத் தொட்டு ஒரு எண்ணும், அடுத்ததைத் தொட்டு அடுத்த எண்ணுமாகச் சொல்லி, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று உணர்வதுதான் எண்ணுதல். நமது பாட்டிமார் பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக் கற்பித்தது இதைத்தான். பயிற்சி பெற்ற உபாத்தியாயினி இந்த வேற்றுமையை அறிந்தவர். அறியாதவர் ஒப்பிக்கும் குழந்தையைக் காட்டித் தாமும் மகிழ்ந்து பெற்றோரையும் மகிழ்விப்பார்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்னும் பாடத்திட்டம் தயாரிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரே முறையை விளக்கும்.

4. விதிக்கப்பட்ட யோக்கியதாம்சங்கள்

இனி இவ்வேலைக்குரிய படிப்பும் விதிகளும் கூறப்படும். விதிகள் காலத்திற்குக் காலம் மாறுவனவாதலால் ஒவ்வொன்றும் எந்த ஆண்டினது என்பதும் குறிக்கப்படுகிறது.

(அ) அங்கன்வாடிப் பணியாளர்: முன்னர்ப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டில் வெளிவந்த நியமன அறிவிப்பில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி கோரப்பட்டது. வயது 25 முதல் 35 வரை. விதவைகள், ஆதரவற்ற பெண்கள், ஆதி திராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 40 வரை சலுகை உண்டு. தமிழ் தடையின்றி எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் அவசியம். அதே ஊரிலோ அக்கம் பக்கத்திலோ வசிக்கும் பெண்களே தகுதியுடையவர்கள். முதல் ஓராண்டிற்கு மாதம் ரூபாய் 7,700 தொகுப்பூதியம். அதன் பிறகு 7,700 முதல் 24,200 வரையுள்ள சம்பள ஏற்றமுறை.

(ஆ) அங்கன்வாடி உதவியாளர்: அதே அறிவிப்பின்படி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 20 முதல் 40 வரை வயதும் வேண்டும். சமையலும் சுத்தமும் இவர் பொறுப்பாயினும், குழந்தைகள் நாள் முழுவதும் இவர் முகத்தையும் பார்த்தே வளர்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

(இ) பாலர் கல்வி டிப்ளமா: ஆசிரியப் பயிற்சியை ஒழுங்கு செய்வதற்காக 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பள்ளிக்கு முந்திய கல்விக்கென்று இரண்டாண்டு டிப்ளமாப் படிப்பை 2014ஆம் ஆண்டு விதிகளில் வகுத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 50 மார்க்குக் குறையாமல் பெற்றவர்கள் அதிற் சேரலாம். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. குழந்தை வளர்ச்சி சாஸ்திரம், உணவு, விளையாட்டு முறை ஆகியவற்றைப் படிப்பதோடு பள்ளியில் நேரே குழந்தைகளோடு பழகும் பயிற்சியும் இதில் அடங்கும்.

(ஈ) வேலையில் உள்ளவர்களுக்குரிய பயிற்சி: புதிய அங்கன்வாடிப் பணியாளருக்குப் பல ஆண்டுகள் அளிக்கப்பட்டு வந்தது 26 வேலை நாட்களின் பயிற்சியே. மேலே கூறிய ஆறு சேவைகளையும் அந்த 26 நாட்களிலேயே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. இது போதாதென்பதை உணர்ந்தே, 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சர்டிபிகேட் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமாவும் அளிக்க வேண்டுமென்று கூறியது. கொள்கையில் எழுதப்படுவது வேறு, ஊர் அம்மையார் கையில் வந்து சேருவது வேறு. தங்கள் ஊர்ப் பணியாளருக்கு இப்பயிற்சி கிடைத்ததா என்று அங்கத்தினர்கள் விசாரித்து அறிய வேண்டும்.

நமது அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆறு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டுமென்று கூறுகிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டமோ ஆறு வயது முதற்கொண்டே உரிமை அளித்தது. அதற்கு முந்திய வயதிற்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டும் அதன் 11ஆம் பிரிவு சொல்லியது. ஆகவே இவ்வயதுக் குழந்தைகளுக்காகக் கேட்க வேண்டிய பொறுப்பு பெற்றோருக்கு அதிகம்.

5. பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டியவை

ஒரு ரயத்தின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளிடத்தில் அவளுக்குப் பிரியம் அதிகம். பட்டணத்தில் ஒரு பயிற்சிக்கூடம், "ஆறு மாதத்தில் ஆசிரியை ஆகலாம், சர்க்கார் உத்தியோகம் நிச்சயம்" என்று விளம்பரம் செய்கிறது. தகப்பனார் மனைவியின் நகையைச் சங்கத்தில் ஈடு வைத்துக் கடன் பெற்றுப் பணம் கட்டுகிறார். ஆறு மாதம் கழித்துப் பளபளப்பான ஒரு சர்டிபிகேட் கிடைக்கிறது. அதைக் கொண்டு ஆரம்பப் பள்ளியில் வேலை கேட்கச் சென்றால் அங்கே அதை ஏற்பதில்லை. நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. பெண்ணின் மனமும் ஒடிந்து போகிறது.

கடனில் வருமானத்தைப் பெருக்கும் கடன், பெருக்காத கடன் என இருவகை உண்டென்பதைச் சங்க அங்கத்தினர்கள் முதற் பாடத்திலேயே படித்திருக்கிறார்கள். கிணறு வெட்ட வாங்கும் கடனுக்கு முன்னர் ஊற்று உண்டா என்று பார்ப்பதுபோல, படிப்பிற்கு வாங்கும் கடனுக்கு முன்னரும் பின்வருவனவற்றைப் பார்த்தல் அவசியம்:

முதலாவது: அப்பயிற்சிக்கூடத்திற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா? வாய்ச்சொல்லை நம்பாமல் அங்கீகார உத்தரவின் நகலைக் கேட்க வேண்டும். அதில் படிப்பின் பெயரும் இடத்தின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: அப்படிப்பு எந்த வேலைக்கு உரியது? பாலர் கல்வி டிப்ளமா வேறு. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குரிய தொடக்கக் கல்வி டிப்ளமா வேறு. 2010ஆம் ஆண்டில் அக்குழுமம் வெளியிட்ட அறிவிப்பின்படி, ஆரம்பப் பள்ளி ஆசிரியராவதற்குத் தொடக்கக் கல்விப் பயிற்சியோடு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். பாலர் கல்வி டிப்ளமா ஒன்றைக் கொண்டே அவ்வேலைக்குப் போக இயலாது.

மூன்றாவது: பயிற்சியின்போது நேரே குழந்தைகளோடு பழக இடமுண்டா? எத்தனை நாள், எந்தப் பள்ளியில்? புத்தகத்தில் மட்டும் நீச்சல் கற்றவரை ஆற்றில் இறக்குவார் யார்?

நான்காவது: தனியார் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளிற் சில பயனுள்ளவையே. தனியார் மழலையர் பள்ளிகளில் அவற்றிற்கு மதிப்பும் உண்டு. ஆனால் அவை சர்க்கார் வேலைக்கு உரிமை தருவன என்று யாரேனும் சொன்னால், அந்த உறுதியை எழுத்தில் கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கட்டலாகாது.

6. சர்டிபிகேட்டில் காணாத யோக்கியதாம்சங்கள்

படிப்பும் பயிற்சியும் இருந்தும் இவ்வேலைக்கு ஏற்காதவர்கள் உண்டு. ஆகையால் ஓர் உபாத்தியாயினியிடம் நேரிற் காண வேண்டிய குணங்களும் அறியத் தக்கவை.

முதன்மையானது, பார்க்கும் கண். இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார் (1870-1952) முதலில் ஒரு வைத்தியர். 1907ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழைப் பகுதி ஒன்றில் முதற் குழந்தை இல்லத்தைத் திறந்தார். 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; பின்னர் யுத்த காலத்திற் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். முதலில் குழந்தையைக் கவனி, பிறகு போதி என்பது அவர் முறையின் சாரம். கவனிக்கும் கண்ணுடைய உபாத்தியாயினி, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று ஒதுக்கிவிட மாட்டார். காதில் சீழ் வடிகிறதா, பின்புறமிருந்து கைதட்டினால் திரும்புகிறானா என்று பார்ப்பார். இரண்டு மாதமாக நிறை ஏறாத குழந்தையின் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்பார். காலத்திற் கண்ட செவிக் குறைவிற்குப் பரிகாரம் உண்டு. காணாமல் விட்டால் பேச்சும் நின்று, "மந்தம்" என்ற பட்டம் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, அடியாமை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. பெரிய பிள்ளைக்கே ஆகாதது சிசுவிற்கு ஆகுமா? "நீங்கள் நாலு அடி போடுங்கள், அம்மா" என்று பெற்றோரே உபாத்தியாயினியிடம் சொல்லுவதுண்டு. அதற்கு இணங்காதவரே உண்மையில் கண்டிப்பானவர்.

மூன்றாவது, சமபாவனை. எல்லாத் தெருவுக் குழந்தைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பந்தியில் உண்டு, ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். எந்தக் குழந்தையையும் தனியே உட்கார வைத்தாலும், தட்டைத் தூர நின்று நீட்டினாலும், அக்குழந்தை எழுத்தறியுமுன் அவமானத்தை அறிந்துகொள்ளுகிறது. பணியாளர் எந்தச் சாதியினராயினும் அவர் சமைத்ததையும் கொடுத்ததையும் எல்லோர் வீட்டுக் குழந்தைகளும் உண்ணும்படி செய்வது கிராமத்தாரின் பொறுப்பு. கூட்டுறவு என்னும் சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்ட சங்கத்தார் இதில் தயங்குவது தகாது.

நான்காவது, பொறுமை. குழந்தை தானே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகும். அம்மையார் போட்டுவிட்டால் அரை நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுப்பவரே உபாத்தியாயினி.

7. அங்கத்தினர்களின் கடமை

ஒருவர் எவ்வளவு தகுதியுடையவராயினும், கிராமம் துணை நில்லாவிட்டால் அவரால் ஆகக்கூடியது சொற்பமே. 2013ஆம் ஆண்டுத் தேசிய இளங்குழந்தைக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் வேண்டுமென்று அளவு கூறுகிறது. முப்பது, நாற்பது குழந்தைகள் ஒருவர் பொறுப்பில் இருக்குமிடத்தில் கவனிக்கும் கண் எங்ஙனம் வேலை செய்யும்?

ஜனங்கள் ஒன்றுகூடினால் எத்தகைய நிலைமையிலும் குழந்தைகளுக்கு வழி பிறக்கும் என்பதற்கு இத்தாலி தேசத்தில் நடந்த ஒரு சம்பவம் சான்றாகும். அங்கே ரெஜ்ஜியோ எமிலியா என்னும் பட்டணத்தின் அருகில் வில்லா செல்லா என்றொரு சிறு கிராமம் உண்டு. 1945ஆம் ஆண்டு வசந்த காலத்தில் யுத்தம் முடிந்தபோது அங்கே எங்கும் இடிந்த வீடுகளே இருந்தன. ஓடிப்போன ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ஒரு டாங்கியையும், சில லாரிகளையும், குதிரைகளையும் கிராமத்தார் விற்றார்கள். அப்பணத்தைக் கொண்டு என்ன செய்வதென்று ஆலோசித்து, குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தீர்மானித்தார்கள். குண்டு விழுந்த வீடுகளின் செங்கற்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்தும், ஆற்று மணலைக் கொணர்ந்தும், ஆண் பெண் அனைவரும் வேலை செய்தார்கள். லோரிஸ் மலகுஸ்ஸி (1920-1994) என்னும் இளம் ஆசிரியர் இச்செய்தியைக் கேள்வியுற்றுச் சைக்கிளில் வந்து பார்த்து வியந்து, அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1963ஆம் ஆண்டில் ரெஜ்ஜியோ நகரசபை தன் முதற் பாலர் பள்ளியைத் திறந்தது. அவ்வூர்ப் பள்ளிகளைக் காண இப்போது பல தேசத்து உபாத்தியாயர்கள் செல்லுகிறார்கள். அடிப்படையில் இருந்தது அந்தச் செங்கற்களைச் சுமந்த கைகளே.

நமது கிராமத்தில் அவ்வளவு பெரிய காரியம் வேண்டியதில்லை. கூரை ஒழுகாமல் பார்த்தல், குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வழி செய்தல், மாதம் ஒருமுறை தாய்மார் கூட்டத்திற்கு வீட்டிலுள்ளவர்களை அனுப்புதல், பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் அம்மையாருக்கு மாற்று ஏற்பாடு கேட்டு மனுச் செய்தல், தேங்காய்ச் சிரட்டை, விதை, களிமண், பழந்துணி ஆகியவற்றைச் சேகரித்துக் கொடுத்தல் ஆகியவை எந்தச் சங்கத்தாலும் இயலும். சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து விதிகளுக்கு உட்பட்டு ஒரு பாயோ, படப் புத்தகங்களோ வாங்கித் தருதலும் தகும். தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குரிய சத்துமாவைத் தயாரிப்பதில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் ஈடுபட்டு வந்திருப்பதை நினைத்தால், கூட்டுறவிற்கும் குழந்தைகளுக்கும் உள்ள சம்பந்தம் புதியதன்று.

எல்லாவற்றினும் மேலாக, அம்மையாரை "ஆயா" என்று அலட்சியமாக அழைக்காமல், டீச்சர் என்று மரியாதையாக அழைத்துப் பழக வேண்டும். பெரியவர்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே குழந்தைகளும் அவரை மதிப்பார்கள்.

8. சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய கேள்விகள்

1. நமது ஊர் அங்கன்வாடியில் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? தினசரி வருகிறவர்கள் எத்தனை பேர்? வராதவர்கள் எந்தத் தெருவினர், காரணம் என்ன?

2. பணியாளர் பெற்ற பயிற்சி எத்தனை நாள்? கடைசியாகப் பயிற்சிக்குச் சென்றது எந்த ஆண்டு?

3. ஒரு நாளில் குழந்தைகளோடு உட்கார்ந்து கற்பிக்க அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? மற்ற வேலைகளில் எவற்றில் நாம் உதவலாம்?

4. எல்லாக் குழந்தைகளும் ஒரே பந்தியில் உண்ணுகிறார்களா? நேரிற் சென்று பார்த்தவர் யார்?

5. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்கள் நமது ஊரில் எத்தனை பேர்? அவர்களில் இவ்வேலையில் விருப்பமுள்ளவர்களுக்குச் சரியான விவரம் சொல்ல யார் பொறுப்பேற்பார்?

6. படிப்பிற்காக நகைக் கடன் பெற்ற அங்கத்தினர்கள், பயிற்சிக்கூடத்தின் அங்கீகார உத்தரவைப் பார்த்தார்களா?

இக்கேள்விகளுக்குரிய விடைகளைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எடுத்துப் பார்த்தல் நலம். விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது, குழந்தையை ஒப்புவிக்கும் கைகளைத் தேர்ந்தெடுப்பதிலும், அக்கைகளுக்கு வலுவூட்டுவதிலும் அங்கத்தினர்கள் செலுத்துவார்களாக. ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் உண்டு. மூன்று வயது ஒருவனுக்கு ஒரு முறையே வருகிறது.